குன்னூர் சித்தப்பாவுக்கு, வெள்ளை ஒயின் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "வெள்ளை ஒயின்னா எல்லாம் ஒரே புளிச்ச தண்ணிதானே, அதுக்கு எதுக்குடா ஊர் ஊரா பேரு?" என்றீர்கள். ஒரே தோட்டத்துத் தேயிலையில் ஜனவரிப் பறிப்பையும் ஜூன் பறிப்பையும் வாயில் ஒரு உறிஞ்சலில் பிரித்துச் சொன்ன மனிதர் கேட்கிற கேள்வியா இது? அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இங்கே வேறு சிலரும் இதையே கேட்டுக்கொண்டிருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதிவிடுகிறேன்.

நான் இருக்கும் லக்சம்பர்க்கின் கிழக்கு எல்லை மோசல் ஆறு. இக்கரை லக்சம்பர்க், அக்கரை ஜெர்மனி, இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள். பஸ்ஸில் போய்விடலாம். 2020லிருந்து இங்கே பஸ், ரயில் எல்லாம் இலவசம். நாலு இடத்தில் ருசி பார்த்துவிட்டு எப்படி வண்டி ஓட்டுவது என்ற கவலை இல்லை. (சித்தியிடம் இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டாம்.)

முதல் தடவை நான் செய்தது முழுச் சொதப்பல். ஐந்து நாட்டு பாட்டில் ஐந்து வாங்கி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றி, வரிசையாகக் குடித்துப் பார்த்தேன். ஐந்தும் குளிர்ந்த தண்ணீர். நீங்கள் சொன்ன மாதிரியேதான். போதாக்குறைக்கு, அடுப்பில் ரசம் தாளித்திருந்தது. எந்தக் கிளாஸை முகர்ந்தாலும் பெருங்காயம். தலையில் மல்லிகைப்பூவோடு வந்த சித்தியை உங்கள் டீ டேஸ்டிங் அறை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினீர்களே, அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சரி, சித்தப்பா முறையிலேயே செய்வோம் என்று அடுத்த மாதம் மறுபடி உட்கார்ந்தேன். எல்லாக் கிளாஸும் ஒரே மாதிரி, ஒரே அளவு, ஒரே சூடு, பெயர் தெரியக்கூடாது. பாட்டில்களை அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தேன். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வந்தால்தான் வாசனை எழும்புகிறது. மளிகைக் கடைக் காகிதப் பையைப் பாட்டிலில் மாட்டி, என் மனைவியை ஊற்றச் சொன்னேன். முக்கியமாக, ஐந்து நாட்டை ஐந்து திராட்சையில் பார்க்கவில்லை. திராட்சை ஒன்றே, ஊர்தான் வேறு. ரீஸ்லிங் என்கிற வகை, மூன்று இடங்கள்: ஜெர்மன் மோசல், இக்கரை லக்சம்பர்க், பிரான்ஸின் அல்ஸாஸ்.

பெயரை மறைப்பது சடங்கு இல்லை. பிரான்ஸின் பொர்தோவில் நடந்த சோதனை ஒன்று 2001இல் வெளியானது. ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அவர்கள் எழுதினார்கள். "பாத்தியா, எல்லாம் டூப்பு" என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். கண்ணை ஓரங்கட்டினால் நாக்கு வேலை செய்யும்.

செய்தது. ஆனால் தப்பாகவும் சொன்னது. முதல் கிளாஸ் சுளீரென்று புளித்தது. கன்னத்தின் உள்பக்கம் கூசி, எச்சில் ஊறியது. இனிப்பு கொஞ்சம்தான் என்று எழுதினேன். மூன்றாவது கிளாஸ் பழுத்த பழ வாசனையோடு கனமாக இறங்கியது. இதில்தான் இனிப்பு அதிகம் என்று எழுதினேன். பையைக் கழற்றினால் நேர்மாறு. முதலாவது மோசலின் கபினெட் என்ற லேசான வகை, அந்தப் பாட்டிலில் லிட்டருக்கு 40 கிராமுக்குக் குறையாத சர்க்கரை. மூன்றாவது அல்ஸாஸ், அதில் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. நம் எலுமிச்சை ஜூஸ் கதைதான். எத்தனை கரண்டி சர்க்கரை போட்டோம் என்பதைப் புளிப்பு மறைத்துவிடுகிறது.

இதைப் பாட்டிலைத் திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. சாற்றில் இருக்கும் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. பாதியில் நிறுத்தினால் சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹால் குறையும். லேபிளின் மூலையில் பொடி எழுத்தில் 8 சதவீதம் என்று போட்ட மோசல் ரீஸ்லிங் இனிக்கும். 12, 13 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இனிக்காது. பின்பக்கத்து லேபிளில் எழுதியிருக்கும் கவிதையை விட இந்த ஒரு எண் எனக்கு உபயோகமாக இருந்திருக்கிறது.

அது ஏன் மோசலில் அவ்வளவு புளிப்பு? மலைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குளிர். 50 டிகிரி வடக்கை ஒட்டிய இடம், திராட்சை பழுப்பதே பெரிய பாடு. அதனால் வெயிலைப் பார்த்த செங்குத்துச் சரிவில் நடுகிறார்கள். ப்ரெம் கிராமத்துப் பக்கம் கால்மோன்ட் என்ற சரிவு 65 டிகிரி வரை நிமிர்ந்து நிற்கிறது. ஏணி வைத்த மாதிரி. அங்கே டிராக்டர் ஏறாது, எல்லாம் கைவேலை. மண் என்று பார்த்தால் உடைந்த சிலேட்டுப் பாறை. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெதுவாக விடுகிற கல். பழம் அவசரமில்லாமல் பழுக்கும், புளிப்பும் தங்கும். உயரத்தில் மெதுவாக வளர்ந்த கொழுந்துக்கு வாசம் அதிகம் என்று நீங்கள் சொல்வீர்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு.

அல்ஸாஸுக்கு மேற்கே வோஜ் மலைத்தொடர் மழையைத் தடுத்துவிடுகிறது. கோல்மார் நகரம் பிரான்ஸிலேயே மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று. வெயில் காய்ந்து நன்றாகப் பழுத்த பழத்தைச் சர்க்கரை தீரும்வரை புளிக்க விடுகிறார்கள். லக்சம்பர்க் ரீஸ்லிங் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. நல்லதுதான், சண்டைக்கு வராது, நினைவிலும் நிற்காது.

மோசல் ஒயினில் ஈரச் சிலேட்டு வாசம் வரும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கும் வந்தது. கோவை இலையும் கரியும் தேய்த்துக் கழுவிய பள்ளிக்கூடச் சிலேட்டு அப்படியே மூக்கில் ஏறியது. ஆனால் அது கல்லிலிருந்து வேர் வழியாக ஏறி வந்த வாசம் என்பதை மண்ணியல் படித்தவர்கள் ஒப்புவதில்லை. ஒயினில் உள்ள தாதுக்கள் நாக்குக்கு எட்டாத அளவு குறைவு, கல்லுக்கு மணமே கிடையாது என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. கல்லின் வேலை வெப்பமும் வடிகாலும். சிலேட்டு வாசம் என் மூன்றாம் வகுப்பிலிருந்து வந்திருக்கலாம்.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்காது. வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். உங்கள் அறையில் என்றால் அந்த லாட்டையே ஒதுக்கியிருப்பீர்கள். இங்கே அதைக் கெட்டுப்போனதாக எடுத்துக்கொள்வதில்லை. பழத்தில் வெயில் நிறைய விழுந்தால் டிடிஎன் என்ற பொருளுக்கான மூலங்கள் சேர்ந்து, பாட்டிலில் இருக்க இருக்க அது வெளிப்படுகிறது. லேசாக இருந்தால் எனக்குச் சம்மதம். ஸ்டவ் பற்ற வைத்த மாதிரி இருந்தால் மன்னிக்கவும்.

ஷார்டனே என்ற இன்னொரு திராட்சையில் நிலைமை வேறு. ஷாப்லியும் மேர்சோவும் பிரான்ஸின் புர்கோன் பிரதேசத்து ஊர்கள், இரண்டிலும் ஒரே ஷார்டனே. ஷாப்லியில் பெரும்பாலும் எஃகுத் தொட்டி. மேர்சோவில் ஓக் பீப்பாய். ஒன்று மெலிந்து கூர்மையாக நிற்கிறது, மற்றதில் வெண்ணெயும் வறுத்த பருப்பும். வெண்ணெய் எங்கிருந்து வந்தது தெரியுமா? தயிர் உறைய வைக்கும் பாக்டீரியாவின் சொந்தக்காரர்கள்தான் ஒயினிலும் வேலை செய்கிறார்கள். பச்சை ஆப்பிளின் முரட்டுப் புளிப்பைத் தயிரின் மென்மையான புளிப்பாக மாற்றுகிறார்கள். அந்த வேலையில் கூடவே பிறப்பதுதான் வெண்ணெய் வாசம். இது ஷாப்லியிலும் நடப்பதுண்டு, வாசத்தை எவ்வளவு தங்க விடுவது என்பது தயாரிப்பவர் கையில். ஆக, ஊர் என்று லேபிள் சொல்வதில் பாதி, தயாரிக்கிற ஆளின் வேலை.

கடைசியாக ஆஸ்திரியாவின் க்ரூனர் ஃபெல்ட்லீனர் என்ற திராட்சை, டான்யூப் கரையின் வாஹாவ் பகுதியிலிருந்து. ஊற்றிக் கொடுத்த என் மனைவி முகர்ந்ததும், "மிளகு ரசம்" என்றாள். அன்றைக்கு அடுப்பில் ரசம் இல்லை. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினின் மிளகு வாசத்துக்கு ரோட்டண்டோன் என்ற பொருள்தான் காரணம் என்று கண்டார்கள். அதுவேதான் நம் மிளகிலும் இருக்கிறது, க்ரூனரிலும் இருக்கிறது. அந்தச் சோதனையில் ஐந்தில் ஒருவருக்கு அது மூக்கில் ஏறவே இல்லையாம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஐந்தாவது ஆள் போலிருக்கிறது. பத்து நிமிஷம் முகர்ந்துவிட்டு எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நீலகிரியின் உறைபனிக் காலத்துத் தேயிலைக்கு ஏலத்தில் தனி மரியாதை உண்டு என்பீர்கள். ஜெர்மனியில் ஐஸ்வைன் என்று ஒன்று, மைனஸ் 7 டிகிரியில் செடியிலேயே உறைந்த திராட்சையைப் பறித்துப் பிழிவது. 2019ஆம் வருஷப் பயிருக்கு அந்தக் குளிர் எங்கேயும் வரவில்லை. நாடு முழுக்க ஒரு தோட்டத்திலும் எடுக்க முடியாமல் போனது அதுவே முதல் தடவை. அங்கே இந்த வருஷம் பனி எப்படி?

செப்டம்பரில் நீங்கள் வரும்போது ஐந்து கிளாஸ் தயாராக இருக்கும், காகிதப் பையோடு. விழுங்க வேண்டாம், துப்பலாம். முப்பது வருஷம் டீயைத் துப்பியவருக்கு நான் என்ன சொல்லித் தருவது. பதிலுக்கு நீங்களும் மூன்று பொட்டலம் தேயிலை கொண்டு வாருங்கள், பெயர் எழுதாமல். சித்தியிடம் மட்டும் எது எது என்று சொல்லி வையுங்கள்.

உங்கள்,
லக்சம்பர்க்காரன்