ஏ.சி. தண்ணீர் சொட்டினால் உடனே கேஸ் நிரப்ப வேண்டாம்

ஆசிரியருக்கு,

வீட்டு ஏ.சி. அறைக்குள் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலில் காதில் விழுவது, "கேஸ் கொறஞ்சிருக்கும் சாரே, போட்டுரலாம்" என்பதுதான். கேஸ் (ஏ.சி.யைக் குளிரவைக்கும் வாயு) குறைந்தாலும் சொட்டும், மறுக்கவில்லை. ஆனால் அது வரிசையில் கடைசியில் நிற்கும் காரணம். பெரும்பாலும் டிரெயின் குழாயைச் சுத்தம் செய்து, ஃபில்டரைக் கழுவினாலே சொட்டுவது நின்றுவிடும். தொழிலில் இருக்கும் நாங்களே இதைச் சொல்வது எங்கள் கூட்டாளிகள் சிலருக்குப் பிடிக்காது.

சொட்டுவது அறைக் காற்றில் இருந்த ஈரம்தான். உள் யூனிட்டின் குளிர்ந்த காயிலில் (தகடுகள் கோத்த வளைகுழாய்) பட்டு வியர்த்து, அடியிலுள்ள டிரேயில் விழுந்து, குழாய் வழியே வெளியே போக வேண்டிய தண்ணீர் அது. காற்றில் ஈரம் கூடிய நாளில் ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வடிக்கும். மேற்கும் தெற்கும் கடல், வருஷத்துக்கு இரண்டு பருவமழை என்றிருக்கும் ஊரில் அவ்வளவு வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். ஏ.சி. ஓடும்போது வெளியே குழாய் நுனி காய்ந்திருந்தால் தண்ணீர் வேறு வழி தேடிக்கொண்டது என்று பொருள்.

எப்போது சொட்டுகிறது என்று கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். போட்டுச் சற்று நேரத்தில் தொடங்கி விடாமல் சொட்டினால் குழாய் அடைப்பு. நிறுத்திய பிறகு மளமளவென்று கொட்டினால் காயிலில் பனிக்கட்டி பிடித்து உருகுகிறது. காற்றோடு சேர்ந்து துளி துளியாகத் துப்பினால் உள்ளே சுழலும் புளோயர் உருளையில் அழுக்கு, அல்லது கதவைத் திறந்து போட்டுக்கொண்டு ஏ.சி. ஓட்டுகிறார்கள். யூனிட்டுக்குப் பின்னால் சுவர் மட்டும் நனைந்தால், செம்புக் குழாயின் மூட்டில் சுற்றிய நுரை உறை விலகி அங்கே வியர்க்கிறது. ஏ.சி. ஓடாத நாளிலும் மழைக்கு நனைந்தால் அது ஏ.சி. தண்ணீரே அல்ல, சுவர்த் துளையைச் சுற்றிப் பூசிய பூச்சு விட்டுப்போய் மழைநீர் இறங்குகிறது. ஜூன் மாதக் காற்றில் மேற்குச் சுவர்களில் இது சர்வசாதாரணம். இதற்கும் கேஸ் போட்ட வீடுகள் உண்டு.

அடைப்பை எடுக்க, முதலில் பிரேக்கரை அணையுங்கள். ரிமோட்டில் நிறுத்தினால் போதாது. வெளியே குழாய் நுனியைப் பாருங்கள். குலசேகரம், அருமனை போல ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும், எறும்பும் குடியிருக்கும். குச்சியால் அதை வெளிப்பக்கமாகவே எடுக்க வேண்டும். பிறகு ஈரம் உறிஞ்சும் வகை வேக்குவம் கிளீனரின் வாயை நுனியில் வைத்து, இடைவெளியைப் பழந்துணியால் இறுகச் சுற்றி, ஒன்றிரண்டு நிமிடம் இழுக்க விடுங்கள். சாம்பல் நிறத்தில் சளிபோல ஒரு கட்டி வந்து விழும். தூசியும் பாசியும் சேர்ந்து ஊறியது அது. அடுத்து முன்மூடியைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றி, மின்பலகை இல்லாத பக்கமாக (பெரும்பாலும் இடப்பக்கம்) காயிலின் மேல் டீ டம்ளரால் கொஞ்சம் கொஞ்சமாக அரை லிட்டர் தண்ணீர் விடுங்கள். விட்டது ஏறக்குறைய முழுதும் வெளியே வர வேண்டும். வெளியிலிருந்து காற்றடிக்கும் மெஷின் வைத்து ஊதாதீர்கள். அழுக்கு டிரேக்கே திரும்பும், மூட்டு கழன்றால் சுவருக்குள் கொட்டும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் கரைசல் எதுவும் வேண்டாம். அலுமினியத் தகடுகளை அரித்துவிடும்.

சர்வீஸ் செய்த மறுநாளே சொட்டுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரு சின்ன ரப்பர் மூடிதான் காரணம். பல யூனிட்டுகளில் டிரேக்கு இடமும் வலமும் இரண்டு வாய்கள் இருக்கும். ஒன்றில் குழாய், மற்றதில் மூடி. கழுவும்போது மூடியைக் கழற்றி மறந்துவிட்டால் அந்தப் பக்கம் ஒழுகும்.

புதிதாக மாட்டும்போதே கூட நின்று பார்த்தால் இதில் பாதித் தொல்லை இல்லை. உள் யூனிட் ரசமட்டத்தில் இருக்க வேண்டும். சுவர்த் துளை வெளியே சற்றுச் சரிந்திருக்க வேண்டும். டிரெயின் குழாய் ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தொட்டில்போல் தொங்கினால் அங்கே தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். கழிவுநீர்க் குழாயில் நேரடியாகச் சொருகினால் நாற்றமும் கரப்பானும் படுக்கையறைக்கு வரும்.

இனி கேஸ். அது ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று வெளி யூனிட்டின் காயிலை அரிப்பதால் கசிவு வரத்தான் செய்யும். கேஸ் குறைந்தால் உள் யூனிட்டின் காயிலில் பனி பிடிக்கும், ஆனால் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதேபோலப் பிடிக்கும். ஆகவே ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டி, ஒன்றிரண்டு மணி நேரம் விசிறியை மட்டும் ஓட்டிப் பனியை உருக்கி, மறுபடி 24 டிகிரியில் போட்டுப் பாருங்கள். மீண்டும் பனி பிடித்து, குளிரும் குறைவாக இருந்தால் மெக்கானிக்கை அழையுங்கள். கசிவு எங்கே என்று சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதை அடைத்து, வேக்குவம் இழுத்து (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் வெளியேற்றி), யூனிட்டின் லேபிளில் கிராம் கணக்கில் அச்சிட்டிருக்கும் அளவுக்குத் தராசு வைத்து நிரப்புவதுதான் முறை. கசிவைக் காட்டாமல் நிரப்பிய கேஸ் வந்த வழியே போய்விடும், பணம் மட்டும் திரும்பாது.

சிலர் டிரெயின் குழாயை வாளிக்குள் விட்டுவைப்பார்கள். நுனி தண்ணீரில் முங்கினால் குழாயில் காற்று அடைபட்டு, தண்ணீர் டிரேயிலேயே நிற்கும்; நுனி எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். டெங்குக் கொசு வளரும் என்பதால் வாளியைத் தினமும் கொட்டிவிடுங்கள். செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் ஊற்றாதீர்கள். பார்க்க டிஸ்டில்டு வாட்டர் மாதிரியே தெளிவாக இருக்கும், ஆனால் காயிலின் தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வந்த தண்ணீர் அது.

ஏ.சி. பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்