முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் கோதுமையை நிறுத்துவது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோதுமை போன்ற தானியங்களில் இருக்கிற க்ளூட்டன் என்கிற புரதம் இல்லாமல் சாப்பிட்டால் உடம்பு லேசாகும் என்று உங்கள் உணவுப் பக்கத்தில் வந்திருந்ததைப் படித்தேன். எங்கள் வீட்டில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் நாலு பேருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

சர்க்கரைக்காக ராத்திரி சோற்றை விட்டு சப்பாத்திக்கு மாறியவள் நான். வயிறு எப்போதும் உப்பிக்கொண்டே இருந்தது. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று போன வருஷம் கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்தினேன். நெல் விளைகிற ஊரில் இது ஒன்றும் கஷ்டமில்லை. அரிசியிலும் கேழ்வரகிலும் தினையிலும் க்ளூட்டன் கிடையாது. இட்லி, இடியாப்பம், கேழ்வரகு அடை என்று வண்டி ஓடியது. அதற்கென்று விற்கிற விலை கூடின பிஸ்கட் எதையும் நாங்கள் வாங்கவில்லை.

என் வயிறு அடங்கியது. ஆனால் பெரிய மாற்றம் மகளிடம்தான். 19 வயசு. வருஷக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறாதவள். 2 மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது.

சந்தோஷமாக கும்பகோணத்தில் வயிற்று டாக்டரிடம் சொன்னால், "சோதனை பண்ணாமல் ஏம்மா நிறுத்தினீங்க?" என்றார். சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறதாம். அது இருப்பவர்களுக்கு, கோதுமை, பார்லியில் உள்ள க்ளூட்டன் வயிற்றுக்குள் போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைப் புண்ணாக்கிவிடும், சத்து ஒட்டாது. ரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கோதுமையை நிறுத்தியவர்களுக்கு நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். மகளுக்கு 6 வாரம் தினமும் கோதுமை கொடுத்து அழைத்து வரச் சொன்னார்.

ராத்திரி 2 சப்பாத்தி போடுவேன். தட்டை வாங்கிக்கொண்டு, "இன்னும் எத்தனை நாள்மா?" என்பாள். காலண்டரில் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டு வந்தோம். மூன்றாம் வாரமே பழையபடி வயிற்றுப்போக்கு. கெடுதல் என்று தெரிந்தே பெற்ற பிள்ளைக்குப் போடுவது எந்தத் தாய்க்கும் வர வேண்டாம். முன்பே சோதித்திருந்தால் அந்த 6 வாரம் தேவைப்பட்டிருக்காது.

ரத்தத்திலும் எண்டோஸ்கோப்பியிலும் சீலியாக் என்று உறுதியானது. ஆயுசுக்கும் கோதுமை கூடாது. அவளோடு சேர்ந்து சப்பாத்தி சாப்பிட்டு நானும் சோதித்துக்கொண்டேன், எனக்கு இல்லை. சாயங்கால பன்னும் பரோட்டாவும் நின்றதால்கூட என் வயிறு அடங்கியிருக்கலாம். கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் என்கிற மாவுச்சத்தும் சிலருக்கு வாயு உண்டாக்குமாம்.

அதற்குப் பிறகுதான் பெருங்காய டப்பாவைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பொடி எழுத்தைப் படித்தேன். கோதுமை மாவு என்று போட்டிருக்கிறது! கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் அப்படித்தான் சேர்ப்பார்களாம். ரசம், சாம்பார், மோர் என்று தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். திருவையாற்று அசோகா அல்வாவையும் வெறும் பயத்தம்பருப்பு என்றே நினைத்திருந்தேன். அதிலும் கோதுமை மாவு சேர்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே க்ளூட்டன் இல்லாதது என்று லேபிள் போடக் கூடாது என்பது நம் நாட்டு விதி. சீலியாக் உள்ளவர்களுக்கு ஒரு சிட்டிகையும் கணக்குதான்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, பரிசோதனைக்கு முன் நிறுத்தாதீர்கள் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கல்யாண சமையல்காரர்களுக்கும் பெருங்காய விஷயத்தைச் சொல்லுங்கள். பந்தியில் என் மகள் சோறும் தயிரும் மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்