பொத்தானைக் கீழிருந்து போடச் சொல்

கூடலூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மீனா,

இங்கு எல்லோரும் நலம். அவருடைய முழங்கால் வலி பரவாயில்லை. சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை உறுதியாகிவிட்டது. மாடி அறை இந்த வருட மழைக்கும் ஒழுகியது. மாப்பிள்ளைக்கு இடமாற்றம் கிடைத்ததா என்று எழுது. பாக்கியம் டீச்சரைப் போன மாதம் கம்பத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். என்னை நலம் விசாரிப்பதற்கு முன்பே, "பச்சைக் குடைக்காரி கட்டப்பனையில் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். உத்தமபாளையத்தில் பயிற்சி முடித்து இத்தனை காலம் ஆகியும் அந்தக் குடையை அவர் மறக்கவில்லை. நீயும் மறந்துவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். அன்று போனில் உன் பேரன் அபி காலையில் தானாகக் கிளம்பமாட்டேன் என்கிறான் என்று புலம்பிக்கொண்டே இருந்தாய். வேன் ஹாரன் கேட்டதும் "ஐயோ, டிபன் பாக்ஸ்!" என்று வைத்துவிட்டாய். அதற்குச் சற்று முன் நீ சொன்னது என் மனதில் தைத்துவிட்டது. "உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பார், தாங்களே எழுந்து தாங்களே கிளம்பி வந்துவிடுகிறார்கள். கஷ்டப்படுகிற வீட்டில் பிறந்தால் பொறுப்பு தானாக வந்துவிடும்" என்றாய். வராது மீனா. இந்த ஜூனில் எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

எங்கள் ஊர்க் காலை உனக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் வந்து நிற்கும். சோற்றுத் தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறி, லோயர் கேம்ப், குமுளி தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். அதன்பிறகு பல வீடுகளில் பெரியவர்கள் என்று யாரும் இருப்பதில்லை. அப்படி ஒரு வீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். அக்கா தமிழ்ச்செல்வி, தம்பி முத்து.

அந்தப் பெண்ணை நீ பார்த்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை எங்களிடம்தான் படித்தாள். தம்பியை எழுப்பி, குளிப்பாட்டி, தலை வாரி, சட்டை மாட்டி, வீட்டைப் பூட்டி, இரண்டு பைகளையும் தானே சுமந்துகொண்டு, காலை உணவு பரிமாறுவதற்கு முன் அவனை வரிசையில் உட்கார வைத்துவிடுவாள். பார்ப்பவர்கள் எல்லாம் மெச்சுவார்கள். தம்பியும் ஒருநாள் தவறாமல் வந்தான். அவனிடம் ஒரு குறையும் யார் கண்ணிலும் படவில்லை.

இந்த ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்காக வேறு பள்ளிக்குப் போனாள். பஸ்ஸில் போக வேண்டும், சீக்கிரமே கிளம்ப வேண்டும். முத்து மூன்றாம் வகுப்பு. பள்ளி திறந்து மற்றப் பிள்ளைகள் எல்லாம் வந்தாயிற்று, இவனைக் காணோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சல் இல்லை, பயம் இல்லை, படிப்பு பிடிக்காமலும் இல்லை. எட்டு வயதுப் பையனுக்குப் பொத்தான் போடத் தெரியவில்லை!

ஒரே வீடு, ஒரே அம்மா, ஒரே ஜீப். கஷ்டம்தான் பொறுப்பைக் கற்றுத்தரும் என்றால் இரண்டு பேருக்கும் அல்லவா தந்திருக்க வேண்டும்? அவள் செய்யாவிட்டால் நடக்காது என்று சில வேலைகள் அவளிடம் இருந்தன. அவன் செய்யாவிட்டால் நடக்காது என்று ஒரு வேலைகூட அவனிடம் இல்லை. உன் வீட்டில் நீ அபிக்குச் செய்வதையெல்லாம் அந்த வீட்டில் ஒரு பத்து வயதுக் குழந்தை செய்துகொண்டிருந்தாள். ஆண்பிள்ளை என்பதால் அவனிடம் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

எங்கள் இன்னொரு ஆசிரியை, பக்கத்து வீட்டு நான்காம் வகுப்புப் பெண்ணை அனுப்பி அவனைக் கூட்டிவரச் சொல்லலாம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளையின் தோளிலிருந்து இறங்கியவனை இன்னொரு பெண்பிள்ளையின் தோளில் ஏற்றுவதா? அவனே வரட்டும், அதற்கு வேண்டியதைச் சொல்லிக்கொடுப்போம் என்றேன்.

பயிற்சியில் மாண்டிசோரி அம்மையாரின் மரச்சட்டங்களைப் பற்றிப் படித்தோமே, நினைவிருக்கிறதா? மரச்சட்டத்தில் இரண்டு துணிகளை அடித்து, ஒன்றில் பொத்தான், ஒன்றில் கயிறு, ஒன்றில் கொக்கி. 1939இல் அடையாறுக்கு வந்தவர், போர் மூண்டதால் 1946 வரை இங்கேயே தங்க நேர்ந்தது. அதில் இரண்டு வருடம் நம் மலைக்கு அந்தப் பக்கம் கொடைக்கானலில் இருந்தார். தேர்வுக்காக உருப்போட்டதோடு சரி, நாம் யாரும் அந்தச் சட்டத்தைச் செய்து பார்க்கவில்லை. இப்போது செய்தேன். உடைந்த சிலேட்டின் மரச்சட்டத்தை எடுத்து, பழைய சீருடைச் சட்டையின் முன்பக்கத்தைக் காஜாவோடும் பொத்தானோடும் வெட்டி, இரண்டு பக்கமும் குண்டூசி ஆணியால் அடித்தேன்.

அவன் விரலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் சிக்கல் எங்கே என்று புரிந்தது. அக்கா போடுவதைப் பார்த்து அவனும் கழுத்திலிருந்து தொடங்குகிறான். கழுத்துப் பொத்தான் அவன் கண்ணுக்குத் தெரியாது. தடவித் தடவி இரண்டாவது காஜாவில் நுழைத்துவிடுவான், பிறகு எல்லாமே ஒன்று தள்ளிப்போகும். கடைசியில் சட்டை ஒரு பக்கம் தொங்கும், கழற்றி எறிவான். கீழிருந்து தொடங்கச் சொன்னேன். சட்டையின் அடி ஓரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அடிப் பொத்தானும் அடிக் காஜாவும் நேருக்கு நேர் வந்துவிடும். பொத்தானைப் பாதி நுழைத்து, கையை மாற்றி, மறுபக்கமிருந்து இழுக்க வேண்டும். அந்தக் கை மாற்றுவதுதான் முழு வித்தை. அதை நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை. நமக்கு நேரமில்லை, நாமே போட்டுவிடுகிறோம்.

ஒரு மாலை அவன் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கிய பிறகு வீட்டுக்குப் போனேன். "அவன் சின்னப் பிள்ளை டீச்சர்" என்றாள், நீ சொல்கிற அதே குரலில். சுவரில் ஆணிகள் எல்லாம் அவள் உயரத்துக்கு இருந்தன. ஓர் ஆணியைப் பிடுங்கி அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் அடிக்கச் சொன்னேன். சாப்பிட்டதும் படுக்கும் முன் அவன் செய்ய வேண்டியவை: நாளைய பாடவேளையைப் பார்த்துப் பை அடுக்குவது, சட்டை டிரவுசரை ஆணியில் மாட்டுவது, தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைப்பது. காலையில் அக்காவின் பஸ் போனதும் அவன் கிளம்ப வேண்டும். அந்த வீட்டில் கடிகாரம் ஓடவில்லை, ஓடினாலும் அவனுக்கு முள் பார்க்கத் தெரியாது. பஸ் போவது தெரியும், அது போதும்.

முதல் நாள் தனியாக வந்தான். சட்டை நேராக இருந்தது, எண்ணெய் நெற்றி வரை வழிந்தது. பை இல்லை! ஓடிப்போய் எடுத்துவரச் சொல்லவா என்று அந்த ஆசிரியை கேட்டார். வேண்டாம் என்றேன். திட்டவும் இல்லை. எழுதுவதற்கு ஒரு தாள் கொடுத்தோம். சாயங்காலம் அதை வீட்டில் நோட்டில் பார்த்து எழுத வேண்டியிருந்தது, விளையாட நேரமில்லாமல் போயிற்று. மறுநாள் பை வந்தது. அதற்கப்புறமும் சில நாள் எதையாவது விட்டுவிட்டு வந்திருக்கிறான், வந்த பிறகு அவனே நினைத்து உதட்டைக் கடித்துக்கொள்வான்.

ஆனால் ஒன்றில் நான் கண்டிப்பாக இருந்தேன். அவன் தாமதமாக வந்தாலும் தட்டு எடுத்து வைக்க வேண்டும் என்று சமைக்கிற மகளிர் குழு அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "பட்டினி கிடந்தால் நாளைக்கு நேரத்துக்கு வருவான்" என்று சொல்கிறவர்கள் பசியோடு பள்ளிக்கு வந்தவர்களாக இருக்க முடியாது. 2022 செப்டம்பரில் மதுரையில் இந்தக் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எங்களைப் போன்ற அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. அதற்கு முன்னால் இறைவணக்கத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்ததை என் கையில் தாங்கியிருக்கிறேன். மறந்துபோன நோட்டுக்கு எழுத்து வேலை கூடட்டும், விளையாட்டு குறையட்டும். சோறு குறையக் கூடாது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று, அந்தப் பெண்தான். திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்குப் போன அன்றே அவளுக்குக் காலைச் சாப்பாடு நின்றுவிட்டது. பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு பஸ் ஏறுகிறாள். தம்பிக்கு உப்புமா, பொங்கல், கிச்சடி. இத்தனை வருடம் அவனைச் சுமந்தவளுக்கு ஒன்றுமில்லை. அவளைப் பார்த்து நாம் எல்லோரும் "என்ன பொறுப்பு, என்ன பொறுப்பு" என்று மெச்சினோமே, ஒருவராவது அவளிடம் "உன் பையை மட்டும் தூக்கு" என்று சொன்னோமா? எட்டு வயதுக்காரன் தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்வது பயிற்சி. பத்து வயதுக்காரி இரண்டு பேரைக் கிளப்பிக் கொண்டுவருவது சுமை. இரண்டையும் ஒரே பெயரில் பாராட்டாதே மீனா. இப்போது தம்பி கிளம்புவது தம்பியின் வேலை என்றான பிறகு அவள் முகம் தெளிந்திருக்கிறது. சாயங்காலம் கூட்டாளிகளோடு பாண்டி ஆடுவதைப் பார்த்தேன்.

இனி உன் அபி. கோபித்துக்கொள்ளாமல் படி.

அந்த நட்சத்திரச் சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. நட்சத்திரத்துக்குச் சாக்லேட் என்றால் அவன் உனக்காகப் பல் துலக்குகிறான் என்று ஆகிவிடும். நாளைக்கு இரண்டு சாக்லேட் கேட்பான், நீயும் கொடுப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

பையை நீ அடுக்காதே. அன்று என்ன பாடம் என்று உனக்குத் தெரியாது, அதனால் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் திணித்து அனுப்புகிறாய். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2020இல் மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கையே சொல்கிறது. அபி 24 கிலோ இருப்பானா? அப்படியானால் 2 கிலோ 400 கிராம்தான். எங்கள் பக்கம் 2012இல் முப்பருவ முறையைக் கொண்டுவந்து புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள், உங்கள் கேரளத்திலும் பாகம் பாகமாகத்தான் வருகிறது. அரசு குறைத்ததைப் பாட்டி கூட்டலாமா? பாடவேளையை அலமாரிக் கதவில் ஒட்டி, இரவில் அவனையே அடுக்கச் சொல். ஒரு நாள் மலையாள நோட்டு விட்டுப்போகும். ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்காதே. இதை இரண்டு தடவை படி.

தூக்கம் இன்னொன்று. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். உன் சீரியல் முடிய பத்தரை, அதுவரை அவன் உன் மடியில். ஆறு மணிக்கு எழுப்பினால் எப்படி எழுவான்? காலையில் நடக்கிற சண்டையில் பாதி முந்தின இரவில்தான் தொடங்குகிறது. சீரியலை மறுநாள் பகலில் போனில் பார்த்துக்கொள்.

"சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்வதை நிறுத்து. அந்தச் சொல்லில் அவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பல் துலக்கியதும் சட்டை, சட்டை போட்டதும் சாப்பாடு, சாப்பிட்டதும் ஷூ என்று வரிசை மாறாமல் இருக்கட்டும். நடுவில் நின்றால் "அடுத்தது என்ன?" என்று மட்டும் கேள். தொடக்கத்தில் உன் கை பரபரக்கும், நீ செய்தால் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை அவன் பத்து நிமிடம் செய்வான். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவனைச் சற்று முன்னதாக எழுப்பு, வேறு வழியில்லை.

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்: அடுப்பையும் மெயின் ரோட்டையும் மட்டும் அவனிடம் விடாதே. சபரிமலைக் காலத்தில் எங்கள் ரோட்டில் வண்டிகள் வருகிற வேகத்துக்கு நானே கடக்கத் தயங்குவேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பிள்ளைகளை ரோடு கடத்திவிட ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறோம். முத்து தானாகக் கிளம்பி வருவான், ரோட்டை மட்டும் பெரியவர் கையைப் பிடித்துத்தான் கடப்பான்.

ஓண லீவுக்கு அபியைக் கூட்டிக்கொண்டு வா. அப்போது எங்களுக்குப் பள்ளி நடக்கும், என்னோடு வந்து மூன்றாம் வகுப்பில் உட்காரட்டும். அவனுக்குச் சாக்ஸ் மாட்டிவிடமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடு. வரும்போது அந்தச் சந்தைக்கடை நேந்திரங்காய் சிப்ஸ் அரைக் கிலோ, அவருக்கு முழங்காலுக்குத் தேய்க்க நீ சொன்ன தைலம் ஒரு பாட்டில். கம்பம்மெட்டு வழியாக வராதே, இந்த மழையில் உனக்குத் தலை சுற்றும், குமுளி வந்து பஸ் மாறு. எந்த நாள் என்று முன்னதாகவே எழுது.

உன்,
ராணி