பிலிப்ஸ் ரேடியோக்காரருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள யான் ஸ்வார்ட்டன்டைக் ஐயா,

இன்று ஆகஸ்ட் 3. 1940-இல் இதே நாளில்தான் லிதுவேனியா சோவியத் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது, அந்நாட்டின் கௌனாஸ் நகரில் நீங்கள் நடத்திய நெதர்லாந்துத் துணைத்தூதரகத்தின் கதவும் சாத்தப்பட்டது.

அங்கே யூத அகதிகள் தப்பிப்போக நீங்கள் தாள் எழுதிக் கொடுத்தீர்கள். நீங்கள் வீட்டில்கூட அதிகம் பேசாத அந்த விஷயத்தை நான் ஊரறிய எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நாஜிகள் பிடித்துவைத்திருந்த நெதர்லாந்துக்குப் பிள்ளைகளோடு திரும்பியவர் வாயைக் கட்டிக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போர் முடிந்த பிறகுமா, ஐயா?

என்னால் தாண்டிப்போக முடியாதது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். வானொலிப் பெட்டி விற்கும் நிறுவனத்தின் மேலாளர் நீங்கள். தூதரக வேலை சில வாரங்களுக்கு முன்புதான் உங்கள் தலையில் விழுந்தது. அகதியாக வந்த ஒரு யூதர் கடவுச்சீட்டை விரித்து நீட்டுகிறார். சூரினாம், குராசாவ் முதலிய, அமெரிக்கக் கண்டத்தில் டச்சு ஆட்சியில் இருந்த பகுதிகளுக்குள் அயல்நாட்டார் நுழைய விசா தேவையில்லை என்று பிரெஞ்சில் எழுதுகிறீர்கள். அது உண்மை. அங்கே இறங்க ஆளுநரின் அனுமதி வேண்டும், அது கிடைப்பது அரிது என்ற மறுபாதியும் உண்மை. அந்த இடத்தில் பேனா நிற்கிறது. முற்றுப்புள்ளி, கையெழுத்து. அடுத்தவர் வருகிறார்.

வழி காட்டியவர் லாட்வியாவின் ரீகாவில் இருந்த டச்சுத் தூதர் டெ டெக்கர் என்பார்கள். இருக்கட்டும். ஜூலை 24 முதல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்களில் விழுந்தது உங்கள் கையெழுத்து. கை ஓய்ந்த பிறகுதானே ரப்பர் முத்திரை வந்தது!

நானும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவள். விதியின் எந்தப் பாதியை உரக்கப் படிப்பது, எதை விழுங்குவது என்பதுதான் எங்கள் கையில் உள்ள அதிகாரம். பெரும்பாலும் ஆளை வெளியே அனுப்புகிற பாதியைத்தான் படிக்கிறோம். இதற்கு மேல் இங்கே வேண்டாம். பக்கத்து மேசைக்காரர்களும் இதைப் படிப்பார்கள்.

நீங்கள் நேரில் சந்தித்தேயிராத ஜப்பானியத் துணைத்தூதர் சுகிஹாராவை உலகம் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், அதற்குத் தகுதியானவர். ஆனால் அவர் தந்தது ஜப்பான் வழியே கடந்துபோகும் விசா. போய்ச்சேர ஓர் ஊர் வேண்டுமே? அந்த ஊரை எழுதிக் கொடுத்தவர் நீங்கள். குராசாவுக்கு ஏறக்குறைய யாரும் போகவில்லை. சைபீரிய ரயிலேறி, விளாதிவஸ்தோக், கோபே, ஷாங்காய் என்று போய் உயிரோடு இருந்தார்கள். மீர் யேஷிவா என்ற யூத சமயக் கல்விக்கூடத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் ஏறக்குறைய முழுதாகத் தப்பியது அப்படித்தான். அவர்களில் பலருக்கு உங்கள் பெயர் தெரியாது. 'பிலிப்ஸ் ரேடியோக்காரர்' என்றே சொல்லிக்கொண்டார்கள்.

இங்கேதான் உங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் ஒருமுறை வாய் திறந்திருந்தால் அவர்களே உங்களைத் தேடி வந்திருப்பார்களே! பாதி வழியில் சாக விட்டுவிட்டோமோ என்ற கேள்வியை இத்தனை ஆண்டு எதற்காகத் தனியாகச் சுமந்தீர்கள்? பெரும்பாலானோர் பிழைத்தார்கள் என்ற கடிதம் 1976-இல் உங்கள் இறுதிச் சடங்கு நாளன்று வீட்டுக்கு வந்தது. ஒரு வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா? இதை நினைத்தால் உங்களைத் திட்டவும் மனம் வரவில்லை, விடவும் முடியவில்லை.

நீங்கள் பேசியிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும் என்று இன்னொரு பக்கம் தோன்றுகிறது. விஷயம் கொஞ்சம் வெளியே கசிந்த 1960-களில், தூதரக விதியை மீறினீர்கள் என்று ஹேக்கில் உங்கள் வெளியுறவு அமைச்சகம் கண்டித்ததே. உயிர்களைக் கணக்கில் எடுக்காமல் விதியைக் கணக்கில் எடுத்தார்கள். யூதப் படுகொலையின் நினைவைக் காக்கும் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் 1997-இல் உங்களைக் கௌரவித்தது. டச்சு அரசு அந்தக் கண்டனத்துக்காக உங்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டது 2018-இல்.

எனக்கு அது போதவில்லை, ஐயா. கண்டித்த பிறகும் நீங்கள் பல ஆண்டுகள் உயிரோடுதான் இருந்தீர்கள். அந்த மன்னிப்பை உங்களிடமே கேட்டிருக்கலாம்.

அன்புடன்,
உங்களை அறியாத ஒருத்தி