சொல்லிவிட்டு வழுக்கும் டயரை வாங்கு

ஒத்தக்கடை, மதுரை

அன்புள்ள தாயி,

டிராக்கில் ஓட்ட எந்த டயர் வாங்கலாம் என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. மேலூர் கல் லாரி ஒன்று வேறு பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடை வாசலை அடைத்து நின்றது. அதனால்தான் எழுதுகிறேன். இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய டிராக்கில் நீ கார் ஓட்டப் போவதைப் பற்றி அம்மாவிடம் ஆயிரம் கேள்வி இருக்கிறது. அதை அவள் தனியாகக் கேட்டுக்கொள்வாள். என் பாடு டயரோடு சரி.

உன் நண்பர்கள் சொன்ன 200 டிரெட்வேர் டயரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். டிரெட்வேர் என்பது தேய்மான எண், எண் குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும். அது கெட்ட டயர் இல்லை, நன்றாகவே ஒட்டும். ஆனால் அந்த மாதிரி டயர் கடைசி வரை பிடித்துவிட்டு, விடும்போது பெரும்பாலும் சட்டென்று விடும். அந்த நேரத்தில் உன் வேகமும் கூடுதலாக இருக்கும். நல்ல ரோடு டயர் வளைவில் முதலில் முனகும், அப்புறம் கத்தும், அதற்கப்புறம்தான் வழுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பலாம், பிரேக்கை எங்கே விடலாம் என்பதெல்லாம் பழகும். இன்னொன்று, அதே காரில்தான் நீ ஆபீஸ் போகிறாய். தண்ணீரை வெளியேற்றும் பள்ளம் குறைவான டயரை வைத்துக்கொண்டு ஐப்பசி மழையில் சென்னை ரோட்டில் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த டிரெட்வேர் எண்ணும் அந்தந்த கம்பெனி தன் டயரைத் தானே சோதித்துப் போட்டுக்கொள்வதுதான். ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட அது உதவும். வேறு வேறு கம்பெனி என்றால் அதை வைத்துச் சண்டை போடாதே.

கடையில் பெயரைப் பார்க்கும் முன் பக்கச்சுவரைப் படி. உன் காருக்கு 185/60 ஆர்15 84எச். முன்பாதி டயரின் அளவு. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. வி கிடைத்தால் 240, இன்னும் நல்லது. இதற்குக் கீழே இறங்காதே. அப்புறம் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம் செய்தது. பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், நானும் இதே தொழிலில்தானே இருக்கிறேன்! வெயிலில் அடுக்கி வைத்திருந்த டயர் பளபளவென்றுதான் தெரியும். பட்டனுக்கு, அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகளுக்கு, நடுவே விரித்துப் பார், மயிரிழை வெடிப்பு இருந்தால் நகர்ந்துவிடு. தேய்ந்த டயருக்கு மேல் ரப்பர் ஒட்டித் தரும் ரீட்ரெட் பேச்சே வேண்டாம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அது சோறு போடுகிற வேலை, டிராக்குக்கு ஆகாது.

டிராக்கன்று காலையில் புதுப் பட்டனோடு போய் இறங்காதே. புதுசில் பட்டன் உயரம், வளைவில் அது நெளியும், சூடேறும், ஓரம் பிய்ந்து வரும். கொஞ்ச நாள் ரோட்டில் ஓட்டித் தேய்ந்த டயர் காய்ந்த டிராக்கில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். மழையில் நேர்மாறு. 1.6 மில்லிமீட்டர் அடையாளத்துக்குத் தேய்ந்துவிட்டால் பேசாமல் மாற்றிவிடு.

காற்று விஷயம்தான் முக்கியம். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவில், டயர் ஆறியிருக்கும்போதே வைத்துத் தொடங்கு. உள்ளே சூடு 10 டிகிரி ஏறினால் ஒன்றரை பவுண்டு போல ஏறும். 32 வைத்து இறங்கினால் சில சுற்றில் 38, 39 காட்டும். எவ்வளவு வேண்டும் என்பதை டயரையே கேள். டயரின் தோள்பட்டையிலிருந்து, அதாவது ரோட்டைத் தொடும் பரப்பின் ஓரத்திலிருந்து, பக்கச்சுவர் வரை சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடு. நாலைந்து இடத்தில் போட்டால் நல்லது. ஓட்டிவிட்டு வந்து பார். பக்கச்சுவரிலும் கோடு அழிந்திருந்தால் டயர் மடிந்து உருள்கிறது, காற்று போதவில்லை. தோளில்கூட கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம். இரண்டிரண்டு பவுண்டாக மாற்றிப் பார். முன் டயரில்தான் அடி அதிகம் விழும், உன்னுடையது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. வலப்பக்க வளைவு அதிகமுள்ள டிராக்கில் இடது முன் டயரை முதலில் பார்.

பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் இல்லை. உள்ளங்கையை வைத்துக் குறுக்கே இப்படியும் அப்படியும் தடவு. ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பப் பல்லாகவும் தட்டினால் அலைன்மென்ட் போயிருக்கிறது. அதற்கு டயரைத் திட்டிப் பயனில்லை.

டிராக்கில் சூடான டயரில் காற்றை இறக்கியிருப்பாய் அல்லவா, வீட்டுக்குக் கிளம்பும் முன் ஆறவிட்டுத் திரும்ப ஏற்று. சூட்டில் 34-க்கு இறக்கினது ஆறினால் 27, 28-க்கு வந்து நிற்கும். அதோடு ஹைவேயில் 100-ல் போனால் பக்கச்சுவர் மடிந்து மடிந்தே வெந்துவிடும். மேலூர் ரோட்டில் வெடித்து என் கடைக்கு வருகிற டயர்களில் பாதி ஆணி குத்தியதில்லை, காற்று பார்க்காதது. சக்கர நட்டுகளையும் கிளம்பும் முன், முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் ஒரு தடவை பார்த்துவிடு. பக்கச்சுவரில் வெட்டு இருந்தால் பஞ்சர் ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

பெட்ரோல் பங்கு மீட்டரை நம்ப வேண்டாம். என்னிடம் இருக்கும் நல்ல காற்றளவு கேஜ் ஒன்றை வெள்ளிக்கிழமை இரவு மாட்டுத்தாவணியிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் போடுகிறேன். கிளாம்பாக்கத்தில் எடுத்துக்கொள். அம்மா அதோடு பருத்திப்பால் பொடியும் வைக்கிறாளாம், கேஜை மேலே வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் முறை ஓட்டியதும் நான்கு டயரின் காற்றளவையும் சூடாக ஒன்று, ஆறியபின் ஒன்று எழுதி வாட்ஸப்பில் அனுப்பு.

அப்பா