ஓடாத மூன்றையும் ஒருமுறை முழுதாக மேடையேற்றுங்கள்

நியூயார்க்கிலும் லண்டனிலும் இசை நாடகம் நடத்தும் அரங்குகளின் கலை இயக்குநர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை நான் யோசிக்கும் மொழியிலேயே எழுதுகிறேன். படித்துச் சொல்ல உங்கள் ஊரிலேயே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அடுத்த பருவத்துக்கு எதை எடுப்பது என்று நீங்கள் உட்கார்ந்து பேசும்போது மெட்டுப் போட்ட ரிச்சர்ட் ரோஜர்ஸ், பாட்டு வரிகள் எழுதிய ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பெயர்கள் எப்படியும் வரும். வந்தால் பேச்சு ஐந்து நாடகங்களைச் சுற்றித்தான் இருக்கும்: ஓக்லஹோமா, கரௌசல், சவுத் பசிபிக், தி கிங் அண்ட் ஐ, தி சவுண்ட் ஆஃப் மியூசிக். அவற்றின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதே இருவர் 1947இல் அலெக்ரோவையும், 1953இல் மீ அண்ட் ஜூலியட்டையும், 1955இல் பைப் ட்ரீமையும் எழுதினார்கள். அந்த மூன்றுக்காகப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

கணக்கு உங்களுக்குத் தெரியும். ஓக்லஹோமா முதல் ஓட்டத்திலேயே 2,212 காட்சிகள் கண்டது. அலெக்ரோ 315. மீ அண்ட் ஜூலியட் 358. பைப் ட்ரீம் 246, அவர்கள் சேர்ந்து எழுதிய மேடை நாடகங்களிலேயே மிகக் குறைவு. அந்த எண்கள்தான் எழுபது வருஷத்துக்கும் மேலாக இந்த மூன்றின் தலையெழுத்தாக இருக்கின்றன.

எங்கள் ஊரில் படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போயிருக்கும், அதன் பாட்டு மட்டும் ஐம்பது வருஷமாக டீக்கடை வானொலியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பெட்டி எங்கேயோ இருக்கிறது. என்றைக்காவது ஒருவர் திறந்து பார்த்து, "அட, இதையா நாம் விட்டோம்?" என்று கேட்க முடியும். மேடை நாடகத்துக்குப் பெட்டி கிடையாது. யாராவது ஆடினால்தான் அது இருக்கிறது, ஆடாவிட்டால் வெறும் காகிதம். அலெக்ரோவின் முதல் ஒலிப்பதிவு பழைய 78 சுழற்சித் தட்டுகளில் வந்தது, மொத்தமே சுமார் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைக் கேட்டுவிட்டுத்தான் பல பேர் இரண்டு தலைமுறையாக அந்த நாடகத்துக்குத் தீர்ப்பு எழுதினார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முழுப் பாடல்களும் அடங்கிய பதிவு 2009இல் வந்தது. அதை ஒரு மழை நாள் இரவில், பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். முன்பு கேட்ட அரை மணி நேரத்தில் கோரஸ் இப்படி நாடகம் முழுக்கக் கூடவே நடந்துவரும் என்று தெரியவே இல்லை.

அலெக்ரோ ஒரு டாக்டரின் கதை. 1905இல் அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரில் ஜோ டெய்லர் பிறக்கிறான். அப்பாவும் டாக்டர், அந்த ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. மகன் படிக்கிறான், சின்ன வயதிலிருந்து தெரிந்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறான், அவள் வற்புறுத்தலில் சிகாகோ போகிறான். அங்கே வியாதி இல்லாத பணக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பெரிய ஆளாகிறான். கடைசியில் ஆஸ்பத்திரியின் தலைமைப் பதவியைக் கொடுக்கும் விழா மேடையிலேயே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்புகிறான். இவ்வளவுதான் கதை. இதைச் சொன்ன விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

திரை விலகும்போது ஒரு தாய் படுக்கையில் இருக்கிறாள். குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் மேடையில் குழந்தை இல்லை. பழைய கிரேக்க நாடகத்தில் வருவது போன்ற ஒரு கோரஸ் நிற்கிறது. குழந்தைக்கு என்ன தெரிகிறது, என்ன புரியவில்லை என்று அது நம்மிடம் சொல்கிறது. பாட்டியும் பெற்றோரும் குழந்தையோடு பேச வேண்டிய இடத்தில் பார்வையாளர்களைப் பார்த்துப் பேசுகிறார்கள். அதாவது தொட்டிலில் கிடப்பது நாம். குழந்தை நடை பழகும் இடத்தில் ஒரு கால், அப்புறம் அடுத்த கால் என்று கோரஸ் பாடப் பாட அந்தப் பாட்டு பெரிதாகிக்கொண்டே போகும். அங்கேயும் குழந்தை கண்ணில் படாது. ஜோ கல்லூரிக்குப் போகிற வயதில்தான் முதல்முறையாக மேடையில் வந்து நிற்கிறான். அதற்குள் பதினேழு பதினெட்டு வருஷம் நாம்தான் ஜோவாக இருந்திருக்கிறோம். இதை 1947இல் செய்திருக்கிறார்கள்!

வீடு, தெரு, கல்லூரி என்று தனித்தனி செட் கிடையாது. அரங்க வடிவமைப்பாளர் ஜோ மீல்சைனர் அந்த மேடையை ஏறக்குறைய வெறுமையாக விட்டார். ஒளியும், பின்னால் விழும் படங்களும், பாம்பு போல வளைந்த தடத்தில் ஓடும் ஒரு திரையும்தான் இடத்தை மாற்றின. இயக்கமும் நடன அமைப்பும் ஆக்னெஸ் டி மில். ஒரு பெண் இந்த இரண்டு பொறுப்பையும் ஒரு பிராட்வே இசை நாடகத்தில் ஏற்பது அப்போது கேள்விப்படாத விஷயம்.

அந்த செப்டம்பரில் நியூ ஹேவனில் நடந்த வெள்ளோட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது. திரை ஓடும் தடத்தில் ஒரு நடனக்காரரின் காலணி சிக்கி, தசைநார் கிழிந்து, அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் பாகத்தில் நர்ஸ் எமிலியாக வந்த லீசா கிர்க், தன்னை ஏறெடுத்தும் பார்க்காத டாக்டரைப் பற்றிய பாட்டைப் பாடிக்கொண்டே முன்னால் நடந்து வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்த பள்ளத்துக்குள் விழுந்தார். வாசித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைத் தாங்கி மேலே தள்ளிவிட்டார்கள். அவர் பாட்டை விடவே இல்லை. அந்தப் பாட்டை இன்று எத்தனையோ பாடகிகள் தனிக் கச்சேரிகளில் பாடுகிறார்கள். எமிலி யார், எதற்காக இவ்வளவு கோபமாகக் காதலிக்கிறாள் என்று கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. இரண்டாம் பாகத்தை ஹாமர்ஸ்டைன் அவசரத்தில் எழுதினார், அது தெரிகிறது. சிகாகோவில் வருகிற பணக்காரர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். கிராமம் நல்லது, நகரம் கெட்டது என்று சொல்ல வருகிறார் என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர் சொல்ல நினைத்தது வேறு. ஒரு தொழிலில் நன்றாக வந்தவனை அந்த வெற்றியே கூட்டத்துக்கும் விழாவுக்கும் குழுவுக்கும் இழுத்து, கடைசியில் அவன் தொழிலையே பார்க்க விடாமல் செய்துவிடுகிறது. ஓக்லஹோமாவுக்குப் பிறகு அவருக்கே நடந்தது அது. கடைசிக் காலத்தில் இதைத் தொலைக்காட்சிக்காகத் திருத்தி எழுதப் பார்த்தார். 1960 ஆகஸ்டில் இறந்துபோனார், வேலை முடியவில்லை. ஜெயித்த ஐந்தில் எதைத் தொட்டாரோ இல்லையோ, இதை அவரால் விட முடியவில்லை.

1947 கோடையில் அலெக்ரோ ஒத்திகையில் வாரம் 25 டாலருக்கு எடுபிடி வேலை பார்த்த 17 வயதுப் பையன்தான், ஹாமர்ஸ்டைனிடம் தொழில் கற்றுப் பின்னால் பெரிய இசை நாடகக்காரரான ஸ்டீபன் சோண்ட்ஹைம். நேர்கோட்டில் போகாத கதை, விலகி நின்று பேசும் கோரஸ், வெற்றி ஒரு மனிதனைத் தின்பது ஆகியவை பிறகு அவருடைய நாடகங்களில் எப்படியெல்லாம் வந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய மெர்ரிலி வி ரோல் அலாங் 1981இல் முறையாகத் தொடங்கிய பிறகு 16 காட்சிகளில் மூடப்பட்டது. அதை யாரும் பரணில் போட்டு மறந்துவிடவில்லை. திரும்பத் திரும்ப எடுத்து, ஆடி, தட்டிக்கொட்டிப் பார்த்தார்கள். 2024இல் சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி விருதை அது வாங்கியது. மாணவனுக்குக் கிடைத்த அந்தப் பொறுமையில் பாதியை ஆசானின் நாடகத்துக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அலெக்ரோவை யாருமே தொடவில்லை என்று சொல்ல மாட்டேன். நியூயார்க் சிட்டி சென்டரின் என்கோர்ஸ் தொடர் 1994இல் தன் முதல் பருவத்திலேயே அதைக் கச்சேரி வடிவில் தந்தது. 2014இல் இயக்குநர் ஜான் டாயல் நடிகர்கள் கையிலேயே வாத்தியங்களைக் கொடுத்து, சுமார் ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கி நடத்தினார். அக்கறையோடு செய்த வேலைதான். ஆனால் ஊரே திரண்டு ஒரு குழந்தையை வளர்க்கும் கதையைப் பத்துப் பன்னிரண்டு பேரைக் கொண்டு சொல்லும்போது அந்த ஊர் காணாமல் போகிறது. கோரஸுக்குக் கூட்டம் வேண்டும்.

மீ அண்ட் ஜூலியட்டைப் பற்றி அதிகம் வாதாட மாட்டேன், மூன்றில் கதை மெலிந்தது அதுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாடகத்தின் மேடைக்குப் பின்னால், ஒரு கோரஸ் பெண்ணுக்கும் உதவி மேடை மேலாளருக்கும் காதல், மேலே விளக்குப் பாலத்தில் நிற்கும் முரட்டு ஆளுக்குப் பொறாமை. ரோஜர்ஸ் தொலைக்காட்சிக் கடற்போர்த் தொடர் ஒன்றுக்குப் போட்டிருந்த டாங்கோ மெட்டுக்கு ஹாமர்ஸ்டைன் வரி எழுதிச் சேர்த்த 'நோ அதர் லவ்' இதில்தான் வருகிறது. பெரி கோமோ பாடி 1953இல் அது பெரிய ஹிட்.

ஆனால் இரண்டு விஷயங்களுக்காக அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஒன்று, மேடையே பக்கவாட்டில் நகர்கிறது. முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அதே நடனத்தைத் திடீரென்று பக்கத்துத் திரைமறைவிலிருந்து பார்க்கிறோம். சிரித்துக்கொண்டு உள்ளே வந்த முகம் வியர்வையைத் துடைக்கிறது. இரண்டாவது, பார்வையாளர்களைப் பற்றிய ஒரு பாட்டு. இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய கறுப்பு பூதம் என்று நம்மை அழைக்கிறான் அந்த உதவி மேலாளன். ஒருநாள் சிரிக்கும், ஒருநாள் இருமும், தினமும் புதிதாக வந்து உட்காரும். மேடையில் நின்ற எவரும் அந்தப் பயத்தை அறிவார்கள். ஒலிப்பதிவில் அது நல்ல பாட்டு, அவ்வளவுதான். நிஜமான இருட்டும், அதில் நிஜமான ஆயிரம் பேரும் இருந்தால்தான் அது என்ன பாட்டு என்று தெரியும்.

பைப் ட்ரீம்தான் எனக்கு வலி. ஜான் ஸ்டைன்பெக்கின் ஸ்வீட் தர்ஸ்டே நாவலிலிருந்து வந்தது. இடம் கலிஃபோர்னியாவில் மான்டெரே ஊரின் கேனரி ரோ, மீன் டப்பாவில் அடைக்கும் ஆலைகள் இருந்த தெரு. டாக் என்ற கடலுயிர் ஆராய்ச்சியாளர், வேலைவெட்டி இல்லாமல் ஒரு கொட்டகையில் கிடக்கும் அவருடைய நண்பர்கள், ஊருக்குப் புதிதாக வந்து ஃபானாவின் விடுதியில் உடலை விற்கும் சூசி. டாக்குக்கு மைக்ரோஸ்கோப் வாங்கித் தர வேண்டும் என்று நண்பர்கள் பாடுபட்டுப் பணம் சேர்க்கிறார்கள். கடைசியில் வாங்கி வருவது டெலஸ்கோப்! டாக் அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்ல முடியும்? அந்த ஒரு காட்சியிலேயே அந்தத் தெருவின் மனசு முழுக்க இருக்கிறது.

எல்லாமே கூடாத நேரத்தில் நடந்தது. ஒத்திகை தொடங்கும் சமயத்தில் ரோஜர்ஸுக்குத் தாடையில் புற்றுநோய் என்று தெரிந்து அறுவை சிகிச்சை. சில நாட்களிலேயே வந்து ஒத்திகையில் உட்கார்ந்தார். சூசி செய்யும் தொழிலை வெளிப்படையாகச் சொல்ல ஹாமர்ஸ்டைனுக்கும் கை வரவில்லை. என் விலைமாதுவை வீடுவீடாகப் போகும் நர்ஸாக மாற்றிவிட்டீர்களே என்று ஸ்டைன்பெக் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயம்தான். டாக்காக நடித்த வில்லியம் ஜான்சனும், சூசியாக நடித்த ஜூடி டைலரும் 1957ஆம் வருஷத்துக்குள்ளேயே இறந்துவிட்டார்கள்.

ஆனாலும் சூசி தனியாக நின்று பாடும் ஒரு பாட்டு இருக்கிறது: எல்லோருக்கும் வீடு இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை. பசித்த பெண் ஒருத்தி அடுத்தவர் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிற பார்வை அந்த மெட்டில் இருக்கிறது. பின்னால் அதே பெண் விடுதியை விட்டு வெளியேறி, காலி மனையில் கிடக்கும் ஒரு பழைய கொதிகலனுக்குள் குடியேறுகிறாள். யார் தயவும் இல்லாமல், தனக்கென்று ஒரு வீடு. ஹாமர்ஸ்டைன் வசனத்தில் சொல்லக் கூசியதை ரோஜர்ஸின் மெட்டு சொல்லிவிட்டது. 1955இல் மூடி மறைத்த சூசியை இன்று ஒரு நடிகை, ஒரு வார்த்தை மாற்றாமல், நடையிலும் பார்வையிலும் திறந்து காட்டிவிட முடியும். 2012இல் என்கோர்ஸில் லாரா ஆஸ்னஸ் சூசியாகப் பாடிய நேரடிப் பதிவைக் கேட்டுப் பாருங்கள்.

வார்த்தை மாற்றாமல் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மூன்றின் பேச்சு எழும்போதெல்லாம், "யாராவது திருத்தி எழுதட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இதே இருவரின் ஃப்ளவர் டிரம் சாங்கை 2002இல் டேவிட் ஹென்றி ஹ்வாங் புதிதாக எழுதினார். அங்கே அதற்கு நியாயம் இருந்தது, தங்களைப் பற்றிய கதையைத் தாங்களே சொல்ல அமெரிக்கச் சீனர்களுக்கு உரிமை உண்டு. அலெக்ரோவுக்கு அந்த அவசியம் இல்லை. முதலில் அது இருந்தபடியே ஒருமுறை பார்க்கக் கொடுங்கள். பார்க்காததைத் திருத்துவது எப்படி?

பெரிய ஆள்பலம், பெரிய செலவு என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. இசை நாடகம் சொல்லித்தரும் பல்கலைக்கழகங்களோடு சேருங்கள். அறுபது எழுபது மாணவர்கள் கோரஸாக நிற்கக் காத்திருக்கிறார்கள். அலெக்ரோவுக்கு மாளிகை செட் தேவையில்லை, ஒளியும் ஆட்களும் போதும். மீ அண்ட் ஜூலியட்டை இரண்டு வாரம் கச்சேரி வடிவில் தாருங்கள், ஆனால் அந்தப் பக்கவாட்டுப் பார்வையை மட்டும் எப்படியாவது காட்டிவிடுங்கள். உரிமை வைத்திருப்பவர்களோடு பேசி, நடத்துவதை முழுதாகப் படம்பிடித்து, காசு கட்டி வெளியூர்க்காரர்களும் பார்க்கும்படி செய்யுங்கள். இந்த மூன்றுக்கும் இல்லாத அந்தப் பெட்டியை உங்களால் செய்து கொடுக்க முடியும்.

அலெக்ரோவை முதலில் எடுங்கள். தொட்டில் மேடையில் வேண்டாம். தேதி அறிவித்தால் போதும், இங்கே நள்ளிரவாக இருந்தாலும் விழித்திருந்து டிக்கெட் வாங்குவேன்.

அன்புடன்,
ஒரு ரசிகை