நுவரெலியாவில் நேராகப் போகும் பந்து

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதமும் நாலு வீடியோவும் வந்து சேர்ந்தன. பிள்ளைகளுக்கு அங்கத்தைய குளிர் பழகிவிட்டது என்று அறிந்து சந்தோஷம். இங்கே வழமைபோலத்தான். ஒக்டோபர் மாதம், காலையில் வெயில், பின்னேரம் இடியும் மழையும். கோல்ப் அடிக்கிறவர்கள் விடிய ஆறரைக்கே கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு மணிக்குப் பிறகு வெட்டவெளியில் கையில் கிளப் மட்டையோடு நிற்பது புத்திசாலித்தனமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு லெசனிலேயே ஸ்லைஸ், அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து போவது, பாதியாகக் குறைந்துவிட்டது, 7ஆம் நம்பர் அயன் என்கிற இரும்புத் தலைக் கிளப்பால் அடித்த பந்தும் முந்தியைவிடத் தூரம் போகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெருமை முழுவதையும் பயிற்றுநருக்குக் கொடுத்துவிடாதே, மலைக்கும் அதில் பங்குண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே வளியின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. சுழன்றுகொண்டு போகிற பந்தைப் பக்கவாட்டில் வளைப்பது வளிதான். வளி ஐதானால் வளைவு குறையும், பந்துக்கு எதிரான தடையும் குறையும். கிளப்பை வீசுகிற அதே பிழையான ஸ்விங் அங்கே நேராகவும் தூரமாகவும் போவதுபோலத் தெரியும். ஆகவே வளைவில் ஏறத்தாழ ஆறில் ஒன்றை மலைக்குக் கழித்துவிட்டு மிச்சத்தை லெசனின் கணக்கில் எழுது. வருகிற வருஷம் மாற்றலில் இங்கே வந்து, களனிவெளி ரயில் ஊடறுத்துப் போகிற அந்த ரோயல் கொழும்பு மைதானத்தில் தூரம் அடிக்கிற ட்ரைவர் கிளப்பை எடுக்கும்போது வளைவு கூடினால் பயந்துவிடாதே.

வீடியோவைத் திறக்கமுதல் பந்து சொல்வதைக் கேட்க வேண்டும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடும் கணத்தில் கிளப்பின் முகம், அதாவது பந்தில் படுகிற தட்டைப் பக்கம், பார்க்கிற திசை. அயனில் முக்கால் பங்கு, ட்ரைவரில் அதைவிடக் கூட. புறப்பட்ட பிறகு எந்தப் பக்கம் வளைகிறது என்பது, முகத்துக்கும் கிளப் வருகிற பாதைக்கும் இடையிலுள்ள வித்தியாசம். உன் ட்ரைவர் கொஞ்சம் இடப்பக்கம் புறப்பட்டு வலப்பக்கம் வளைகிறது. 7 அயன் இடப்பக்கமே நேராகப் போய்விடுகிறது. இதை இரண்டு வருத்தம் என்று நினைத்து இரண்டு வைத்தியம் தேடுகிறாய். ஸ்விங் ஒன்றுதான். கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. அயனின் முகத்துக்குச் சாய்வு கூட, அதனால் பின்சுழற்சி மேலோங்கி, பக்க வளைவு அவ்வளவாகத் தெரிவதில்லை. ட்ரைவரின் சாய்வு 10 பாகை அளவுதான்; அதே வெட்டு அங்கே ஒளிக்க இடமில்லாமல் வெளியே வந்துவிடுகிறது.

இதற்கும் முதல் ஒரு சின்னச் சோதனை செய். வெள்ளைப் பலகைக்கு எழுதுகிற மார்க்கரால் பந்தின் பின்புறத்தில், கிளப் படுகிற இடத்தில், தடித்த ஒரு புள்ளி வைத்து ட்ரைவரால் அடி. மை அப்படியே முகத்தில் ஒட்டும், காய்ந்த துவாயால் துடைத்தால் போய்விடும். அடையாளம் நடுவிலிருந்து தண்டுப் பக்கமாக விழுந்தால், பாதை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பந்துக்கு வலப்பக்கச் சுழற்சி ஏறும். அப்போது முதல் வேலை ஸ்விங்கைத் திருத்துவதில்லை, பந்துக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறாய் என்று பார்ப்பது.

இனி வீடியோ. நீ அனுப்பிய நாலில் மூன்றை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. பின்பக்கமிருந்து, அதாவது இலக்குக்கு எதிர்ப்பக்கம் நின்று இலக்கை நோக்கி, எடுத்ததில் கமரா உன் முதுகுப் பக்கமாக விலகி நிற்கிறது. அப்படி நின்றால் கிளப் கைக்கு வெளியே போவதுபோலக் காட்டும், ஸ்விங் நல்லதாக இருந்தாலும். பந்துப் பக்கமாக விலகினால் எதிர்மாறு: வெட்டுகிறவனுடைய கிளப்பும் உள்ளேயிருந்து வருவதுபோல அழகாகத் தெரியும். உன் பயிற்றுநர் அந்த வீடியோவில்தான் ஆறேழு கோடு கீறியிருக்கிறார்! கமரா பிழையான இடத்தில் நின்றால் கோடு எவ்வளவு நேராக இருந்தும் பிரயோசனமில்லை.

இப்படி வை. சப்பாத்து முனையை ஒட்டி, இலக்குக்குச் சமாந்தரமாக ஒரு குச்சி. பந்துக்கு வெளியே அதற்குச் சமாந்தரமாக இன்னொன்று. பந்தடிக்க நிற்கும்போது உன் கை இருக்கும் இடம் இந்த இரண்டுக்கும் இடையில் வரும். அந்த இடத்திலிருந்து நேர் பின்னால் மூன்றரை, நாலு மீற்றர் தள்ளி ட்ரைபொட்டை நிறுத்தி, கமராவைக் கை உயரத்துக்குக் கொண்டுவா. குச்சிகளுக்குச் சமாந்தரமாகவே அது பார்க்கவேண்டும், உன் பக்கம் திருப்பாதே. உயரம் கூடினால் ஸ்விங் தட்டையாகத் தெரியும், குறைந்தால் செங்குத்தாக. முன்பக்கம் எடுக்கும்போது அதே உயரத்தில், உன் நெஞ்சுக்கு நேர் எதிரே. போனில் அகலக் கோண லென்ஸைத் தொடாதே, ஓரங்களை இழுத்துவிடும். இடம் காணாவிட்டால் போனைப் பின்னுக்குக் கொண்டுபோ.

செக்கனுக்கு 240 ஃபிரேம் உள்ள ஸ்லோமோஷனில் எடு. பந்தடித்துப் பழகுகிற ரேஞ்சின் கூரைக்குக் கீழே வெளிச்சம் போதாது, தண்டு மங்கிப்போகும். வெளியே வந்து எடுத்தால் ஷட்டர் தானாகவே வேகமாகும். தண்டு வில்லுப்போல வளைந்து தெரிந்தால் அது போனின் சென்சர் வரிவரியாகப் படம் பிடிப்பதால் வருவது, கிளப்பில் கோளாறில்லை. வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் நசுக்கித்தான் அனுப்பும். டொகியுமென்ட்டாக இணைத்து அனுப்பு.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் வீடியோவுக்கு ஓர் எல்லை உண்டு. கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது அரை மில்லிசெக்கன் அளவு. 240 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் நாலு மில்லிசெக்கனுக்கு மேல். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் ட்ரைவரின் தலை அதற்குள் 17 சென்ரிமீற்றர் ஓடிவிடும். அடிபடும் கணம் படத்தில் விழுவது எட்டு அடியில் ஒன்றில், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். முகம் ஒரு பாகை திரும்பினால் 200 மீற்றரில் மூன்றரை மீற்றர் விலகல். அந்த ஒரு பாகையைப் போனில் எவராலும் பார்க்க முடியாது. உடம்பும் பாதையும் வீடியோவில் தெரியும். முகத்தைப் பந்திடம்தான் கேட்கவேண்டும். படத்தை நிறுத்தி வைத்து “முகம் இரண்டு பாகை திறந்திருக்கிறது” என்று ஒருவர் அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு வா.

ஆறேழு கோடு வேண்டாம், இரண்டு காணும். நிற்கும் நிலையில் உன் பின்புறத்தைத் தொட்டபடி ஒரு செங்குத்துக் கோடு. கீழே வரும்போது பின்புறம் அந்தக் கோட்டைவிட்டுப் பந்துப் பக்கம் வந்தால் கைக்கு இடமில்லாமல் போகும், அடி தண்டுப் பக்கம் விழும். மார்க்கர் புள்ளி தண்டுப் பக்கம் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அடுத்தது, கிளப் கீழே வரும் வழியில் தண்டு நிலத்துக்குச் சமாந்தரமாகும் அந்த ஒரு ஃபிரேமை நிறுத்திப் பார். கிளப் தலை கையை மறைத்தால் நல்லது. கைக்கு வெளியே, பந்துப் பக்கம் தெரிந்தால் வெட்டு. உன் நாலாவது வீடியோ ஓரளவுக்கு ஒழுங்கான இடத்திலிருந்து எடுத்தது, அதில் தலை கைக்கு நன்றாகவே வெளியே நிற்கிறது. மேலே போகும்போது கிளப் எப்படிப் போகிறது என்பதில் இப்போதைக்கு மினக்கெடாதே.

திருத்தும் ஒழுங்கு முக்கியம். உன் பயிற்றுநர் நேரே பாதையில் கைவைத்திருக்கிறார். நான் நினைப்பது முகம் முதல், பாதை பிறகு. முகம் திறந்தபடி, அதாவது பாதையைவிட வலப்பக்கம் பார்த்தபடி, வந்தால் பந்து வலப்பக்கம் போகும் என்பது உடம்புக்குத் தெரியும்; அதை ஈடுசெய்யத்தான் அது இடப்பக்கம் வெட்டுகிறது. காரணத்தை விட்டுவிட்டுப் பாதையை மட்டும் திருத்தினால் பந்து நேரே வலப்பக்கக் காட்டுக்குள் போகும், இரண்டாம் நாளே பழைய வெட்டுக்குத் திரும்பிவிடுவாய்.

முகத்தைத் திருத்தக் கிரிப், அதாவது கிளப்பைப் பிடிக்கிற விதம். கிளப்பை நிலத்தில் வைத்து, முகத்தின் கீழ் விளிம்பை இலக்குக்கு நேராக்கிய பிறகே கையைப் போடு. கையைப் போட்ட பிறகு முகத்தைத் திருப்பினால் செய்ததெல்லாம் வீண், அநேகர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். இடக்கையில் கைப்பிடி உள்ளங்கைக்குக் குறுக்கே ஓடாமல், சின்னவிரலின் அடியிலிருந்து சுட்டுவிரலின் நடுமூட்டு வரை விரல்களிலே கிடக்கட்டும். குனிந்து பார்த்தால் இரண்டு, இரண்டரை மொளி தெரியவேண்டும். உன் படத்தில் ஒன்றுக்குமேல் இல்லை. வலக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள மடிப்பு வலத் தோளைக் காட்டட்டும். இறுக்கிப் பிடிக்காதே, மணிக்கட்டு மரத்துப்போனால் முகம் மூடாது.

கிரிப்பை மாற்றியதும் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். பாதை இன்னும் மாறாததால் பந்து வளையாமல் இடப்பக்கமே போகும், ட்ரைவரும் அயனைப்போல. நல்ல அறிகுறி அது, முகம் பாதையோடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் முக்கால்வாசிப் பேர் இந்தக் கட்டத்தில் “கெட்டுப்போச்சு” என்று பழைய கிரிப்புக்கு ஓடிவிடுகிறார்கள்.

அப்போதுதான் பாதைக்கு வேலை. 7 அயன், அரை ஸ்விங், கை இடுப்பளவுக்கு மேலே போகவேண்டாம். பந்துக்கு ஒரு சாண் பின்னால், பந்தின் வெளி விளிம்பிலிருந்து நாலு விரல் வெளியே ட்ரைவரின் உறையை வை. வெட்டி வந்தால் உறை பறக்கும். நாலைந்து அடி தொடர்ந்து தப்பினால் இடைவெளியை இரண்டு விரலாக்கு. பிறகு கையை நெஞ்சளவு, தோளளவு என்று உயர்த்து. ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் உறையை மீண்டும் நாலு விரலுக்குக் கொண்டுபோ. உணர்வு இப்படி இருக்கவேண்டும்: உச்சியிலிருந்து இறங்கும்போது உன் முதுகு இன்னும் இலக்கைப் பார்த்தபடி இருக்க, கை மட்டும் கீழே விழுகிறது. தோள் முந்திக்கொண்டால் கிளப் வெளியே தள்ளுப்படும், அதுதான் வெட்டின் தொடக்கம். கட்டையோ கல்லோ வைக்காதே, மணிக்கட்டு போய்விடும்.

கால் குச்சியையும் மறக்காதே. ஸ்லைஸ் உள்ளவர்கள் அது எப்படியும் வளையும் என்று தங்களை அறியாமலே இடப்பக்கம் பார்த்து நிற்பார்கள். நிற்பதே இடப்பக்கம் என்றால் பாதை வேறெங்கே போகும்?

லெசன் கிழமைக்கு ஒன்று வேண்டாம், இரண்டு மூன்று கிழமை இடைவெளி விடு. ஒரு லெசனுக்கு ஒரு மாற்றம். இரண்டாவதை அவர் தொடங்கினால் “முதலாவதை முடிப்போம்” என்று மரியாதையாகச் சொல்லு. வீட்டில் கண்ணாடிக்கு முன் பத்து நிமிடம், பந்தில்லாமல், ஆறுதலாக. ரேஞ்சில் நாற்பது பந்து போதும். ஒரு பந்துக்கு முன் இரண்டு ஒத்திகை. ஒத்திகையையும் வீடியோ எடு. ஒத்திகையில் அழகாக விழும் கை, பந்து முன்னால் இருந்ததும் பழையபடி போவதை அப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாய். மாற்றம் பெரிதாகச் செய்ததாகத் தோன்றும், படத்தில் பார்த்தால் இரண்டு விரல் அளவுகூட இருக்காது. அதற்காக மனம் விடாதே, கொஞ்சம் மிகைப்படுத்திச் செய்.

ஸ்லைஸைத் தடுக்கும் புது ட்ரைவர் வாங்கலாமா என்று கேட்டாய். எடையைத் தண்டுப் பக்கம் கூட்டிச் செய்கிறார்கள், கொஞ்சம் உதவும், இந்த அளவு வெட்டைத் தீர்க்காது. காசை வைத்திரு. இருக்கிற கிளப்பின் கைப்பிடிகளை இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவிக் காயவிடு. தேய்ந்து பளபளத்திருந்தால் மாற்று. கொழும்பு வியர்வைக்கு நூல் கலந்த கைப்பிடி நல்லது, இரண்டு மூன்று கையுறையை மாறி மாறிப் பாவி. வழுக்கும் என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்தால் மேலே எழுதிய கிரிப் பாடம் எல்லாம் போச்சு.

அடுத்த முறை 7 அயன் மூன்று, ட்ரைவர் மூன்று அனுப்பு, பின்பக்கமிருந்து மட்டும். நல்லதைப் பொறுக்கி எடுக்காமல் தொடர்ச்சியாக அடித்த மூன்றையே அனுப்பு. ஒவ்வொன்றும் முடிந்ததும் பந்து எந்தப் பக்கம் புறப்பட்டது, எந்தப் பக்கம் வளைந்தது, முகத்தில் புள்ளி எங்கே விழுந்தது என்று வாயால் சொல்லு. ஒலியும் சேர்ந்து பதியும், எனக்கு அதுதான் முக்கியம். அக்காவிடம் கேட்டதாகச் சொல்லு. மாற்றல் திகதி உறுதியானதும் எழுது. இங்கே வீடு பார்க்கவேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லு, வெள்ளவத்தையில் வாடகை இப்போது நெருப்பு விலை.

அன்புடன்,
உன் வெள்ளவத்தைக்காரன்